வாடைக்கு அசராத நட்சத்திரம், நமுத்துப் போகாத அச்சுமுறுக்கு

கேள்வி: தங்கச்சிமடத்தில் கடலை ஒட்டி வீடு. அரையாண்டு விடுமுறைக்கு இந்த முறை எங்கும் போகவில்லை. பையனுக்கு 11 வயது, மகளுக்கு 6. அவர்களையும் கூட வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் நட்சத்திரம், குடில், பலகாரம் எல்லாம் செய்ய ஆசை. போன வருடம் கடையில் வாங்கிய அட்டை நட்சத்திரம் முதல் மழையிலேயே தொங்கிவிட்டது. அச்சுமுறுக்கு புத்தாண்டு வரை தாங்கவில்லை. மழை அடைத்துக்கொண்டால் பிள்ளைகள் போனை விட்டு நகர்வதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நட்சத்திரத்தையும் அச்சுமுறுக்கையும் கெடுத்தது ஒன்றுதான்: உப்பு ஏறிய ஈரக்காற்று. மார்கழி வாடை உங்கள் பக்கம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைக் கணக்கில் வைத்து வேலையை வரிசைப்படுத்துங்கள்.

முதலில் குடிலுக்குப் பயிர். டிசம்பர் 15 வாக்கில் கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, அடியில் ஓட்டை போட்ட தட்டில் இரண்டு விரல் மண் பரப்பித் தூவச் சொல்லுங்கள். இது மகளின் பொறுப்பு. காலையும் மாலையும் கையால் தெளித்தால் போதும், ஊற்றினால் அழுகும். 24ஆம் தேதிக்குள் பச்சைப்பசேலென்று நிற்கும்.

நட்சத்திரத்துக்குத் தேர்வுக்கு நடுவே வரும் ஞாயிறு போதும். பந்தல் போடுகிறவரிடம் மூங்கில் கேட்டு வாங்கி, ஒரு செ.மீ. அகலத்தில், 60 செ.மீ. நீளத்தில் 10 பிளாச்சுகள் சீவிக்கொள்ளுங்கள். சீவுவது பெரியவர்கள் வேலை, உப்புத்தாள் தேய்ப்பது பையன் வேலை. வீட்டில் செய்கிற நட்சத்திரம் பெரும்பாலும் கோணிப்போவது எதனால் தெரியுமா? குச்சிகள் எங்கே ஒன்றையொன்று வெட்டவேண்டும் என்று யாரும் அளப்பதில்லை. 60 செ.மீ. குச்சியில் இரு முனையிலிருந்தும் 23 செ.மீ. தள்ளி பென்சிலால் கோடு போடுங்கள், நடுவில் 14 மிஞ்சும். ஐந்து குச்சிகளையும் கோட்டின்மேல் கோடு பொருந்தும்படி அடுக்கினால் ஐந்து முனையும் தானாகவே சமமாக வரும். பையன் கணக்கில் சுமார் என்றாலும் இதைச் செய்துவிடுவான்.

கட்டுவதற்கு நூல் வேண்டாம், நனைந்து காய்ந்து தளர்ந்துவிடும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும். வலைக்கு வாங்குகிற தங்கூசி நரம்பே (நைலான் இழை) மேல். இப்படி இரண்டு நட்சத்திரம் செய்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடத்திலும் 10 செ.மீ. குச்சி ஒன்றை நிறுத்தி முட்டுக்கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். மேலே பட்டத்தாள் ஒட்டாதீர்கள், பசை ஊறிப்போகும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை இரண்டு விரல் கூடுதலாக வெட்டி, குச்சியைச் சுற்றி மடித்து, அதே நரம்பால் நான்கு விரலுக்கு ஒரு தையல் போடுங்கள். பின்பக்கத்து நடு ஐங்கோணத்தை மட்டும் மூடாமல் விடுங்கள். பல்பு மாட்டவும் காற்று புகுந்து வெளியேறவும் அதுதான் வழி. கீழ் முனைகளில் சின்ன ஓட்டை, தண்ணீர் வடிய.

5 வாட் எல்இடி பல்பு போதும், ஹோல்டரின் வாய் கீழே பார்த்திருக்கட்டும். ஒயர் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு வளைவாகத் தொங்கி ஏறவேண்டும். அப்போதுதான் அதில் வழியும் மழைநீர் வளைவிலேயே சொட்டும், சுவிட்சுக்குப் போகாது. வெளியே ஒயரில் இணைப்பு போட்டால் உப்பில் களிம்பு பிடிக்கும். ஒரே துண்டு ஒயராக இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள இணைப்பிலிருந்து எடுங்கள். வடகிழக்கு முகத்தில் தொங்கவிடாமல் வீட்டின் மறைவுப் பக்கம் கட்டி, அடி முனையையும் இழுத்துக் கட்டிவிட்டால் சுழலாது.

குடிலுக்குக் கடல் மணலை அப்படியே போடாதீர்கள். உப்பு ஈரத்தை இழுக்க, பிளாஸ்டர் சொரூபங்கள் அடியிலிருந்து ஊறிப் பெயரும். மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த மணல் பரவாயில்லை. கூரைக்குப் பனையோலை அழகுதான், ஆனால் பக்கத்தில் மெழுகுவர்த்தி கூடாது. மலைக்குப் பதிலாகப் பவளக்கல் வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பழைய சிமெண்ட் சாக்கைக் கசக்கி வைத்தாலே மலைதான்.

இனி அச்சுமுறுக்கு. 2 கப் பச்சரிசி மாவு, அரை கப் மைதா, அரை கப் பொடித்த சர்க்கரை, 1 முட்டை, சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் எள். இதைக் கெட்டித் தேங்காய்ப்பால் ஒன்றரை கப் விட்டு தோசை மாவுப் பதத்தில் கரைக்கலாம். புது அச்சை முந்தின இரவு கழுநீரில் போட்டு, காலையில் துடைத்து எண்ணெயில் ஊறவிடுங்கள். சூடான அச்சை மாவில் முக்கால் உயரம்தான் முக்க வேண்டும். முழுக்க முங்கினால் கழன்று விழாது. மிதமான தீ. எண்ணெயில் சலசலப்பு ஏறக்குறைய அடங்கிய பிறகே எடுங்கள். தீ கூடினால் வெளியே சிவந்து உள்ளே ஈரம் நிற்கும், பிறகு நமுத்துப்போகும். சர்க்கரையைக் கூட்டினாலும் அதே கதைதான், அது காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய்ச் சட்டியிலிருந்து மகள் நான்கடி தள்ளியே இருக்கட்டும். எள் அளந்து போடுவது, டப்பாவில் தாள் விரிப்பது அவளுக்கு.

ஆறவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சூட்டோடு மூடினால் ஆவி, மாலை வரை திறந்து வைத்தால் வாடை. ஜன்னலைச் சாத்திய அறையில் பரப்பி, கையில் சூடு தெரியாத நேரத்திலேயே அடையுங்கள். ஒரே பெரிய டப்பா வேண்டாம், இறுக மூடும் நான்கு சின்ன டப்பாக்கள். ஒன்று தீர்ந்த பிறகே அடுத்தது. நமுத்ததை வெறும் இரும்புச் சட்டியில் சிறுதீயில் ஐந்து நிமிடம் புரட்டி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். கருப்பட்டி அதிரசத்துக்கு இந்தக் கவலையே இல்லை, அது மெத்தென்றிருந்தால்தான் அழகு.

மழை அடைத்துக் கரண்டும் போன சாயங்காலத்துக்கு போனையே வேலைக்கு வைக்கலாம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை விழுங்கிய புயலை நினைவில் வைத்திருக்கும் பெரியவர் வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால், பையன் அவரைப் பதிவு செய்யட்டும். ‘அப்போது என்ன நடந்தது’ என்று மொத்தமாகக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். காற்று எந்தப் பக்கம் இருந்து வந்தது, அன்றிரவு எங்கே ஒண்டினீர்கள், மறுநாள் காலை என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்லுங்கள். மழைச் சத்தத்தில் குரல் கரையும், அதனால் போனை அவர் மடியிலேயே வையுங்கள்.