மூன்றடுக்குப் போர்வைக்கு எந்தத் தையல் மெஷின்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். மாமியார் தந்த கறுப்புக் கால் மெஷினில் மோட்டார் பொருத்தி, பருத்தித் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்துப் போர்வைகள் தைத்து வருகிறேன். ஒட்டுகள் சந்திக்கும் தடித்த இடங்களில் தையல் விட்டுப்போகிறது. மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழுகிறது. சுருட்டிய போர்வையை மெஷினின் கைக்குள் நுழைப்பதே பெரும்பாடாகிவிட்டது. கடைக்காரர் கம்ப்யூட்டர் மெஷினையும், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த என் சித்தப்பா பழைய பவர் மெஷினையும் வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றல்ல என்பதால், எதற்காகப் பணம் செலவழிக்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

தையல் விட்டுப்போவது பெரும்பாலும் ஊசியினால் நேர்வது. மெல்லிய ஊசி தடித்த ஒட்டில் இறங்கும்போது சற்றே வளைகிறது. அப்போது கீழேயுள்ள கொக்கி நூல் வளையத்தைப் பிடிக்கத் தவறுகிறது. 16ஆம் எண் புது ஊசியைப் போட்டு, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்து, தடித்த இடங்களில் மோட்டாரை விட்டுவிட்டுக் கைச் சக்கரத்தைச் சுற்றித் தைத்துப் பாருங்கள். மெஷினை மாற்றாமலே இந்தக் குறை தீர்ந்துவிடக்கூடும்.

மேல்துணி பின்தங்குவதற்கு மோட்டாரின் வலுக்குறைவு காரணமன்று. அடியிலுள்ள பற்கள் கீழ்த்துணியை மட்டுமே பின்னுக்கு இழுக்க, மேல்துணியை அழுத்துபாதம் தடுத்து நிறுத்துகிறது; இடையில் மெத்தென்ற பஞ்சு இருப்பதால் இழுப்பு மேலே போய்ச் சேர்வதில்லை. இதற்கு மருந்து வாக்கிங் ஃபுட் எனப்படும் நடைபாதம். அதற்கும் சொந்தப் பற்கள் இருப்பதால் மேல்துணியையும் கூடவே நகர்த்தும். வீட்டு உபயோகக் கறுப்பு மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும். அழுத்துபாதத்தின் திருகையும் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

உங்கள் சித்தப்பா சொன்ன பவர் மெஷினைப் பற்றி இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் சட்டைத் துணி தைக்கும் சாதாரண ஒற்றை ஊசி மெஷின், நிமிடத்துக்கு 5,000 தையல் அளவுக்கு ஓடினாலும், அதிலும் துணியை இழுப்பவை அடிப்பற்கள் மட்டுமே. ஆகவே அதன் வேகம் உங்கள் சுருக்கத்தைப் போக்காது. பை, தோல் தைப்பதற்கான கனரக மெஷின்களில் மேலும் கீழும் சேர்ந்தே இழுப்பு உண்டு என்றாலும், அவற்றின் பல் பதித்த பாதம் மெல்லிய பருத்தியில் தடம் விட்டுவிடும்.

உண்மையில் புது மெஷினைத் தேட வைக்கும் குறை மூன்றாவதுதான். உங்களுடையதைப் போன்ற மெஷின்களில் ஊசிக்கும் தூணுக்கும் இடையே 6 அல்லது 7 அங்குலமே இருக்கும். இரட்டைக் கட்டில் போர்வையின் பாதிச் சுருள் அதற்குள் எளிதில் அடங்காது. நேர்த்தையல் மட்டும் போடும், உலோக உடல் கொண்ட, 8 அல்லது 9 அங்குல இடைவெளியுள்ள, வீட்டு மெஷினுக்கும் தொழிற்சாலை மெஷினுக்கும் இடைப்பட்ட மெஷின் ஒன்றை வாங்குவதே என் பரிந்துரை. ஜூகி நிறுவனத்தின் டிஎல் (TL) வரிசை இந்த வகையைச் சேர்ந்தது. நடைபாதம் பொருந்தும், அடிப்பற்களை இறக்கிவிட்டு விருப்பப்படி வளைவுத் தையலும் போடலாம். கம்ப்யூட்டர் மெஷினின் நூறு அலங்காரத் தையல்களுக்குப் போர்வையில் வேலை இல்லை.

கையிருப்பு குறைவாக இருந்து, நேர்க்கோடுகள் மட்டும் போதுமென்றால், திருப்பூரில் பழைய பவர் மெஷின் வாங்குவதிலும் தவறில்லை. ஆனால் வீட்டு மின்சாரத்தில் ஓடும் சிங்கிள் ஃபேஸ் மோட்டார்தானா என்று கேளுங்கள். எப்போதும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் கிளட்ச் மோட்டாராக இருந்தால், வேகத்தைக் குறைத்து வைக்கக்கூடிய சர்வோ மோட்டாராக மாற்றிக்கொள்ளுங்கள். தலை மட்டுமே 30 கிலோவை ஒட்டி இருக்கும் என்பதால் மாடிக்கு ஏற்றுவதையும் யோசியுங்கள். உங்களிடமுள்ள தட்டைத் தலை ஊசிகள் அதில் பொருந்தா.

ஆண்டுக்கு ஓரிரண்டு போர்வைதான் தைக்கிறீர்கள் என்றால், சதுரங்களைத் தனித்தனியே மூன்றடுக்காகத் தைத்து இறுதியில் இணைத்தால், மாமியாரின் மெஷினே தாராளமாகப் போதும். விற்பனைக்குத் தைப்பதாக இருந்தால் கோயம்புத்தூர்க் கடைக்குச் செல்லும்போது, நான்கு ஒட்டுகள் சந்திக்கும் உங்கள் மூன்றடுக்குத் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரரின் இரண்டு மடிப்புக் காடாத் துணியில் எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும். உங்கள் துண்டில், மிக மெதுவான வேகத்தில், அந்தச் சந்திப்பைக் கடந்து தைத்துக் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள்.