எடை கூட்டாமல் மியாட்டாவை விறைப்பாக்குவது எப்படி? – கேள்வி பதில்

துணிக்கூரை மட்டுமே உள்ள இரு இருக்கைக் காரான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. அமெரிக்காவில் இந்தக் காருக்கு மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் பெயர். என்னிடம் இருப்பது 1991 மாடல், 1.6 லிட்டர். பல வருடங்களாக அதன் அடியில் படுத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

கேள்வி: மோசமான சாலையில் போனால் டேஷ்போர்டு ஒரு பக்கம், முன் கண்ணாடிச் சட்டம் ஒரு பக்கம் என்று ஆடுகிறது. எல்லா மியாட்டாவும் இப்படித்தானா?

ஓரளவுக்கு ஆடத்தான் செய்யும். மூடியைக் கழற்றிய செருப்புப் பெட்டியின் இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் இந்தக் கார் அறிமுகமானபோது ஜப்பான் மாடலின் எடை 940 கிலோதான். 1994 மாடலில் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது. அப்போது மாஸ்டாவே முன் சப்ஃபிரேமுக்கும் பின் சப்ஃபிரேமுக்கும் (சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டங்கள்) பிரேஸ், அதாவது விறைப்பைக் கூட்டும் இணைப்புச் சட்டம், போட்டது. இருக்கைகளுக்குப் பின்னால் சீட் பெல்ட் கோபுரங்கள் இரண்டையும் இணைத்து ஒரு குறுக்குக் குழாயும் வைத்தது.

ஆனால் பிரேஸ் வாங்கக் கிளம்பும் முன் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களைப் பாருங்கள். முப்பது வருட ரப்பர் வெடித்துப் போயிருந்தால் அந்த ஆட்டத்தையும் பாடியின் தலையில்தான் கட்டுவோம். என் காரில் நடுக்கத்தில் பாதி, புஷ் மாற்றியதுமே போய்விட்டது.

கேள்வி: என்னுடையது 1990 மாடல். 1994-இன் இரும்பு பிரேஸைத் தேடிப் பிடிப்பதா, இல்லை எடை குறைந்த அலுமினிய செட் வாங்குவதா?

இதில்தான் பெரும்பாலோர் காசை விடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அலுமினியத்தின் எடை இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். இரும்புக்கு சுமார் 205 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. அதாவது ஒரு லாபமும் அதே அளவு நஷ்டமும் சேர்ந்தே வருகின்றன.

கணக்குப் போட்டே பார்ப்போம். வெளிவிட்டம் 25.4 மி.மீ., தடிமன் 1.5 மி.மீ. உள்ள இரும்புக் குழாய் மீட்டருக்கு 0.88 கிலோ. வெளிவிட்டம் 38 மி.மீ., தடிமன் 3 மி.மீ. உள்ள அலுமினியக் குழாய் மீட்டருக்கு 0.89 கிலோ. நீளவாக்கில் இழுத்தாலும் அமுக்கினாலும் இரண்டின் விறைப்பும் ஒன்றுதான். எடையும் ஒன்றுதான். வளைத்தால் மட்டும் அலுமினியக் குழாய் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். அதற்கு முக்கியக் காரணம், குழாய் பருமனாக இருப்பது.

இப்போது யோசியுங்கள். நல்ல பிரேஸ் என்ன செய்கிறது? இரண்டு இடங்களை நேர்கோட்டில் கட்டி, இழுவிசையையும் அமுக்குவிசையையும் வாங்கிக்கொள்கிறது. அந்த வேலைக்கு அலுமினியம் எடையை மிச்சப்படுத்தாது. அலுமினிய செட் பாதி எடை என்று விற்கிறார்கள் என்றால், பெரும்பாலும் பாதி விறைப்பையும் சேர்த்தே விற்கிறார்கள். எடை குறைய வேண்டுமா? கம்பியை விட்டுக் குழாய்க்கு மாறுங்கள். 25 மி.மீ. இரும்புக் கம்பி மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3.85 கிலோ, மேலே சொன்ன குழாய் ஒரு கிலோகூட இல்லை. வளைந்த பிரேஸுக்குப் பதில் நேரான பிரேஸைத் தேடுங்கள். ஆடும் பெஞ்சுக்குத் தச்சர் குறுக்காக ஒரு ரீப்பர் அடிப்பாரே, அவர் தேக்கா பலாவா என்று பார்ப்பதில்லை, மூலைக்கு மூலை போகிறதா என்றுதான் பார்ப்பார்.

உங்களுக்கு என் பதில்: 1994-இன் பின் சப்ஃபிரேம் பிரேஸ் நல்ல நிலையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கேள்வி: கார்பன் ஃபைபர்?

குழாய் அருமையான பொருள். ஆனால் இரு முனைகளிலும் உலோகத்தை ஒட்டியிருக்கும் பசைதான் முழு விசையையும் தாங்க வேண்டும். அந்த ஒட்டு எப்படிச் செய்யப்பட்டது என்று விற்பவர் விளக்கினால் வாங்கலாம். கார்பன் அலுமினியத்தை நேரடியாகத் தொட்டபடி ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும், அதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: எஞ்சினுக்கு மேலே, இரு முன் சஸ்பென்ஷன் கோபுரங்களையும் இணைத்துப் போடும் ஸ்ட்ரட் பார் முதலில் போடலாமா?

முதலில் வேண்டாம். இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடிக்கும் சஸ்பென்ஷன். வளைவில் வரும் பக்கவாட்டு விசை பெரும்பாலும் சப்ஃபிரேமுக்குத்தான் போகிறது. சஸ்பென்ஷன் கோபுரத்தின் மேல் முனைக்கு முக்கியமாக ஸ்பிரிங்கும் டாம்பரும் (ஷாக் அப்சார்பர்) கொடுக்கும் விசைதான் வரும். எஞ்சினைச் சுற்றிக்கொண்டு வளைந்து போகும் பாராக இருந்தால் அது கிட்டத்தட்ட ஒரு ஸ்பிரிங் மாதிரிதான், பார்க்க மட்டும் அழகு.

கேள்வி: பழைய இரும்பு பிரேஸில் ஓட்டை போட்டு எடையைக் குறைக்கலாமா?

வேண்டாம். இழுவிசை வாங்கும் துண்டில் ஓட்டை போட்டால் அந்த இடத்தில் விசை குவியும், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். நூறு கிராம் குறையும், அவ்வளவுதான். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீளமான அலுமினியச் சட்டத்தில் இன்னும் ஓட்டை போடலாமா என்று வேறு ஒருவரும் கேட்டிருந்தார். அதில் போட வேண்டிய ஓட்டைகளைத் தொழிற்சாலையிலேயே போட்டுவிட்டார்கள். தொடாதீர்கள்.

கேள்வி: நான் வாங்கிய அலுமினிய பிரேஸ் ஒரு வருடத்தில் சத்தம் போட ஆரம்பித்தது. ஏன்?

எனக்கும் இது நடந்தது. ஒரு கடையில் வாங்கிய பிரேஸ்தான். கழற்றித் துடைத்தபோது, குழாயும் தகடும் சேரும் வெல்டின் ஓரத்தில் முடி இழை போல ஒரு கோடு, அதிலிருந்து கசிந்தாற்போல் கறுப்புத் தூள். நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. 6061-டி6 மாதிரி, வெப்பத்தால் பதப்படுத்திய அலுமினியக் கலவையை வெல்டு செய்தால் வெல்டுக்குப் பக்கத்தில் வலு கணிசமாகக் குறைந்துவிடும். பிறகு வெப்பப் பதம் கொடுக்கவில்லை என்றால் பலவீனமான இடம் அதுதான். உங்களுடையதையும் கழற்றிப் பாருங்கள். விரிசல் இருந்தால் மறுபடி மாட்டாதீர்கள்.

விரிசல் இல்லையென்றால் போல்ட் துளையைப் பாருங்கள். துளை நீள்வட்டமாகியிருந்தால் பிரேஸ் வழுக்கிக்கொண்டிருக்கிறது. கடினமான பெரிய வாஷர் போட்டு, டார்க் ரென்ச்சால், அந்த போல்ட்டுக்கு மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். காரை ஜாக்கில் தொங்கவிட்டு இறுக்கக் கூடாது. நான்கு டயரும் சமமான ராம்பில் நின்று எடையைச் சுமக்கும்போது இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் இருந்த முறுக்கத்தை அப்படியே பூட்டிவைத்ததாகிவிடும்.

கேள்வி: தரைக்கு அடியில் ஓடும் இரண்டு ரெயில்களும் நசுங்கியிருக்கின்றன. பரவாயில்லையா?

பலருடைய காரில் அப்படித்தான் இருக்கிறது. யாரோ ஜாக்கை வைக்கக் கூடாத இடத்தில் வைத்திருப்பார்கள். அவை மெல்லிய தகடு. அவற்றின் மேல் உறை போல மாட்டும் ரெயில் கிடைக்கிறது. இரு ரெயில்களையும் எக்ஸ் வடிவில் இணைக்கும் பட்டர்ஃபிளை பிரேஸும் உண்டு. என்னைக் கேட்டால், கூரையில்லாத இந்தக் காரில் மனதாரச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். சில கிலோ கூடும். ஆனால் அந்த எடை காரின் மிகத் தாழ்வான இடத்தில் உட்காருகிறது. அதை ஈடுகட்ட, டிக்கியில் இருக்கும் பேட்டரியை எடை குறைந்ததாக மாற்றலாம்.

கேள்வி: ரோல் பாரை அலுமினியத்தில் செய்து தருகிறேன் என்கிறார் ஒருவர்.

மறுத்துவிடுங்கள். கார் கவிழ்ந்தால் உங்கள் தலைக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான். அங்கே எடையைப் பற்றிப் பேசவே கூடாது.

கேள்வி: பிரேஸ் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும், எனக்குப் பிடித்த சோதனை. கார் நான்கு சக்கரத்தில் நிற்கும்போது, கதவின் பின்புற மேல் ஓரத்துக்கும் பாடிக்கும் இடையே ஃபீலர் கேஜ் தகடுகளைச் செருகி இடைவெளியை எழுதிவையுங்கள். பிறகு ஒரு முன் ஜாக் பாயிண்டில் தூக்கி, சக்கரம் தரையை விட்டதும் மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு பாடி வளைகிறது. பிரேஸ் போட்ட பிறகு அதே ஜாக், அதே இடம், அதே உயரம். பட்டர்ஃபிளை பிரேஸுக்குப் பிறகு, முன்பு தூக்கியதும் சிக்கிக்கொண்ட தகடு வழுக்கிக்கொண்டு நுழைந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

கேள்வி: டொரான்டோவில் இருக்கிறேன். குளிர்காலத்தில் சாலையில் உப்பு. ஏதாவது தனியாகக் கவனிக்க வேண்டுமா?

பிரேஸுக்கு முன்னால் ‘சில்’லை, அதாவது கதவுக்குக் கீழே ஓடும் பாடித் தகட்டைப் பாருங்கள், குறிப்பாகப் பின் சக்கரத்தை ஒட்டிய பகுதி. துணிக்கூரையில் விழும் தண்ணீர் சீட் பெல்ட் கோபுரங்களுக்குப் பின்னால் உள்ள துளை வழியாக இறங்கிப் பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலைகள் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஒரு சொம்புத் தண்ணீரை அந்தத் துளையில் ஊற்றிவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் வளையும் நைலான் கம்பியை மெதுவாக விட்டுச் சுத்தம் செய்யுங்கள். சில் துருவேறி இற்றுப்போயிருந்தால் எந்த பிரேஸும் உதவாது. அந்தக் காசில் முதலில் தகடு மாற்றி வெல்டு செய்துவிடுங்கள்.