ஆடும் நாற்காலி: மூட்டும் பசையும், கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, தேக்கில் முதல் ஆடும் நாற்காலி செய்கிறேன். ஃபெவிகால் தடவி ஸ்க்ரூ முடுக்கினால் போதாதா? கழுந்து (கட்டையின் முனையை நாக்குபோல் செதுக்கி இன்னொரு கட்டையின் துளையில் செருகுவது) வெட்டி மெனக்கெட வேண்டுமா?

பதில்: வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் மூட்டு முன்னுக்கு ஒருமுறை, பின்னுக்கு ஒருமுறை நெம்பப்படுகிறது. ஸ்க்ரூ மட்டும் என்றால் அது மரத்தை அரைத்து அரைத்துத் துளையைப் பெரிதாக்கிவிடும். பசையும் நாரோட்டப் பக்கத்தில்தான், அதாவது மரநார் நீளவாக்கில் ஓடும் பக்கத்தில்தான், கெட்டியாகப் பிடிக்கும். அறுத்த முனையில் வைத்தால் மரம் குடித்துவிடும். ஒட்டுகிற பக்கத்தைக் கூட்டத்தான் கழுந்து.

கேள்வி: கழுந்தின் கனம், இறுக்கம் எவ்வளவு?

பதில்: கனம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றரை அங்குலச் சட்டத்துக்கு அரை அங்குலம். துளையை முதலில் வெட்டுங்கள், கழுந்தை அதற்கேற்ப இழைத்துக் கொண்டு வாருங்கள். கையால் அழுத்தி முக்கால்வாசி போக வேண்டும், மிச்சத்துக்கு மரச்சுத்தியால் லேசாக இரண்டு தட்டு. அடித்தே இறக்க வேண்டியிருந்தால் பசை முழுதும் வழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளை, கழுந்தைவிட 2 மி.மீ. ஆழம் கூடுதலாக இருக்கட்டும்.

கேள்வி: சாம் மாலூஃப் நாற்காலிகளில் கால் இருக்கைப் பலகைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறதே, அது எப்படி?

பதில்: நல்ல கேள்வி. மாலூஃப் நாற்காலிக்குப் பேர்போன தச்சர், கலிபோர்னியாக்காரர், பெரும்பாலும் வால்நட் மரத்தில் செய்தவர், 2009-இல் இறந்தார். அந்த மூட்டில் இருக்கையின் விளிம்பில் கால் அளவுக்கு வெட்டு எடுத்து, அந்த வெட்டின் மேல்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் ரூட்டரால் (சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் மின்கருவி) படி இறக்குவார்கள். நடுவில் ஒரு நாக்கு மிஞ்சும். காலில் அந்த நாக்குக்கு இணையான பள்ளம். ஆக, பசைக்குப் பல முகங்கள், அதோடு கால் எந்தப் பக்கமும் திருகாது. பலரும் சறுக்குவது மூலையில்தான். படி இறக்கும் பிட் உள்மூலையை வட்டமாக விட்டுவிடும். காலின் விளிம்பையும் அதே ஆரத்தில் உருட்டினால்தான் வெளிச்சம் தெரியாமல் உட்காரும். ஆகவே படி இறக்கும் பிட், விளிம்பை உருட்டும் பிட் இரண்டையும் ஆரம் பார்த்து ஜோடியாக வாங்குங்கள். கழிவுக் கட்டையில் ஒரு மூட்டு வெட்டிப் பார்க்காமல் நல்ல தேக்கில் கை வைக்காதீர்கள், மரம் விற்கிற விலையில்! இன்னொன்று, மூட்டெல்லாம் மரம் சதுரமாக இருக்கும்போதே வெட்ட வேண்டும். காலுக்கு வளைவு கொடுத்துவிட்டால் அளவெடுக்க நேர்முகம் கிடைக்காது.

கேள்வி: தேக்கில் ஒட்டியது கழன்று வந்துவிட்டது. பசை போலியா?

பதில்: மரத்தின் எண்ணெயாக இருக்கும். ஒட்டும் முகத்தைப் புதிதாக இழைத்து, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, ஈரம் போனதும் உடனே ஒட்டுங்கள். நேற்று துடைத்தது இன்றைக்கு உதவாது, எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும்.

கேள்வி: அடியில் ஆடுகிற வளைகட்டையை ஒரே பலகையில் அறுக்கலாமா சார்?

பதில்: அறுத்தால் வளைவின் இரண்டு முனையிலும் நாரோட்டம் குறுக்கே ஓடும், அங்கேதான் முறியும். 3 மி.மீ. பட்டைகளாக அறுத்து, அச்சில் வளைத்து அடுக்கி ஒட்டுங்கள். இதற்கு மட்டும் ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை வேண்டாம். வளைந்த பட்டை நிமிரப் பார்க்கும், அந்தப் பசை மெல்ல நழுவிக் கொடுக்கும். எபாக்ஸி (இரண்டு பாகத்தைக் கலந்து பூசும் பசை) நல்லது. ஒருநாள் முழுக்கக் கிளாம்பில் இருக்கட்டும். கழற்றியதும் வளைவு கொஞ்சம் விரியும், அதற்காக அச்சையே சற்றுக் கூடுதலாக வளைத்து வையுங்கள்.

கேள்வி: மூட்டில் இடைவெளி விழுந்துவிட்டது. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைக்கலாமா?

பதில்: கண்ணுக்கு மறையும், பலம் வராது. அதே மரத்தில் மெல்லிய சீவல் எடுத்துக் கழுந்தின் கன்னத்தில் (அகலமான பக்கத்தில்) ஒட்டி, காய்ந்தபின் திரும்ப இழைத்துச் சேருங்கள்.

கேள்வி: எல்லா மூட்டையும் ஒரே மூச்சில் ஒட்டலாமா?

பதில்: கத்திரி வெயிலில் கண்டிப்பாக வேண்டாம். பத்து நிமிடத்துக்குள் பசை ஆடை கட்டிவிடும். பசையில்லாமல் முழு நாற்காலியையும் ஒருமுறை பூட்டி, கிளாம்ப் எங்கெங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பகுதி பகுதியாக ஒட்டுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய நாற்காலி, மூட்டெல்லாம் கிடுகிடு. பசை ஊற்றினால் நிற்குமா?

பதில்: நிற்காது. காய்ந்த பழைய பசைமேல் புதியது பிடிக்காது. வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பழைய காலப் பசை) போட்ட நாற்காலியாக இருந்தால் அதிர்ஷ்டம்: வெந்நீர்த் துணி சுற்றி வைத்தால் இளகிவிடும். மெதுவாகப் பிரித்து, சுரண்டி, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். பிரிக்குமுன் ஒவ்வொரு கட்டையிலும் சாக்பீஸால் எண் போட்டுக்கொள்ளுங்கள்.