தாத்தா கதையை ஆல்பமா பண்ணணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

கேள்வி: பெரம்பூர்ல இருக்கேன் சார், ஐடி வேலை, வீட்லயே கிட்டார் வச்சு பாட்டு போடுவேன். எங்க தாத்தா பின்னி மில்லுல வேலை பாத்தவர். அவர் வேலைல சேந்ததுலேர்ந்து மில்லை மூடுற வரைக்கும் பத்து பாட்டுல ஒரே கதையா ஆல்பம் பண்ண ஆசை. நாலு பாட்டு எழுதியாச்சு, ஆனா கேட்டவங்க நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்குன்றாங்க. காசும் கம்மி. என்ன பண்ணலாம்?

பதில்: கேட்டவங்க சரியாத்தான் சொல்லிருக்காங்க தம்பி. சேந்தாரு, கல்யாணம் ஆச்சு, ஸ்ட்ரைக் வந்துச்சு, 1996ல மூடிட்டாங்கன்னு எல்லாத்தையும் பாட்டுக்குள்ளயே அடைச்சா பல்லவி எங்க நிக்கும்? பல்லவி திரும்பத் திரும்ப வரணும், கதை முன்னாடி போய்ட்டே இருக்கணும், ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். நம்மாளுங்க இதுக்கு எப்பவோ வழி கண்டுபுடிச்சிட்டாங்க. கதாகாலட்சேபத்துல பாகவதர் கதையை பேசியே நகர்த்துவார், மனசு கனக்குற எடத்துல நின்னு பாடுவார். வில்லுப்பாட்டுல கூட இருக்கறவர் ஆமா போட்டுக்கிட்டே நமக்கு வர்ற சந்தேகத்தை அவரே கேட்டுருவார், கதை தன்னால நகரும். வடசென்னைக்காரர் உங்களுக்கு மரண கானா பத்தி நான் சொல்லணுமா, விடிய விடிய செத்தவரைப் பத்தி பாடுறாங்களே, அதை ஒருதடவ பாட்டு எழுதறவன் காதோட கேளுங்க.

அதனால பத்து சம்பவம் வேணாம், தாத்தா அசையாம நின்ன பத்து நிமிஷத்தை எடுங்க, மத்ததெல்லாம் நடுவுல வர்ற பேச்சும் சத்தமும் பாத்துக்கும். அதுக்கும் முன்னாடி, கதையை யார் சொல்றாங்கன்னு முடிவு பண்ணுங்க. நானா இருந்தா பாட்டியை சொல்ல வைப்பேன். மில் கேட்டுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது, ஷிஃப்டுக்கு ஊதற மில் சங்கு சத்தமும் திரும்பி வர்ற மனுஷன் முகமும்தான் தெரியும், அந்தத் தெரியாததுதான் பாட்டுக்கு நல்லது. அந்த சங்கையே நாலு ஸ்வரத்துல ஒரு சின்ன மெட்டாக்கி மொத பாட்டுல நாதஸ்வரத்துல கொடுங்க, கடைசி பாட்டுல ஆர்மோனியத்துல பாதி வேகத்துல வரட்டும், மில் மூடிருச்சுன்னு யாரும் வாயத் தொறந்து சொல்லவே வேணாம்.

இப்ப கொஞ்சம் கணக்கு. ஸ்பாட்டிஃபைல 30 செகண்ட் ஓடினாத்தான் ஒரு ப்ளே, அதுவும் கடைசி 12 மாசத்துல 1000 ப்ளே தாண்டாத ட்ராக்குக்கு 2024லேர்ந்து காசு கிடையாது. பேச்சை தனித்தனி ட்ராக்கா போட்டா அதுல பாதி அந்தக் கோட்டைத் தொடாது. பாட்டு ஆரம்பத்துல ஒட்டினா பாட்டு வர்றதுக்குள்ள ஆள் ஸ்கிப் பண்ணிருவான். முந்தின பாட்டோட வாலா ஒட்டிருங்க, சிங்கிளா விடறப்ப வாலை வெட்டிக்கலாம். வரிசையா கேக்கறவங்க கம்மிதான், ஷஃபிள்ல ஏழாவது பாட்டு மொதல்ல வந்தாலும் அது தனியா நிக்கணும்.

காசு கம்மின்னா சாலிகிராமம் பக்கம் இப்பவே ஸ்டுடியோ புக் பண்ணாதீங்க. பத்து பாட்டையும் பேச்சோட சேத்து போன்லயே டெமோ எடுத்து, ஒரே மூச்சுல ஓடவிட்டு உங்க கதை தெரியாத ஒருத்தருக்குப் போட்டுக் காட்டுங்க, அவர் எங்க போனை நோண்டறார்னு பாத்து அங்க வெட்டுங்க. வாய்ஸும் நாதஸ்வரமும் மட்டும் ஸ்டுடியோல, மிச்ச காசு மொத்தமும் எல்லா சத்தத்தையும் அளவா கலக்கற மிக்ஸிங்குக்கு. மாஸ்டரிங்கை, அதாவது கடைசியா சத்தத்தையும் தொனியையும் சரி பண்ற வேலையை, பாட்டு பாட்டா கொடுக்காம ஆல்பமா ஒண்ணா கொடுங்க. ஆல்பமா ஓடறப்ப ஸ்பாட்டிஃபை மொத்தத்துக்கும் ஒரே அளவுலதான் சத்தத்தை ஏத்தி இறக்கும், மெதுவான பாட்டு மெதுவாவே கேக்கும், ப்ளேலிஸ்ட்ல வந்தாத்தான் ஒவ்வொண்ணையும் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கற அளவு) பக்கம் தனியா கொண்டுவரும். அதனால அமைதியான பாட்டை யாராச்சும் சத்தமாக்கித் தரேன்னா வேணாம்னுருங்க.

பழைய மில் தொழிலாளிங்க பேச்சை ரெக்கார்ட் பண்ணி சேக்கறீங்கன்னா எழுத்துல சம்மதம் வாங்கிக்கோங்க, நாதஸ்வரக்காரர்கிட்டயும் ஒரு பேப்பர். வரியும் மெட்டும் உங்களுதுன்றதால பாட்டு எழுதறவங்க, மெட்டு போடறவங்களுக்கு ராயல்டி வசூலிச்சுத் தர்ற ஐபிஆர்எஸ் சங்கத்துல மெம்பர் ஆகிருங்க. ரிலீசுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே அப்லோட் ஆகணும், ஏன்னா ஸ்பாட்டிஃபைல ப்ளேலிஸ்ட் போடற எடிட்டருங்களுக்கு 7 நாளுக்கு முன்னாடியாவது பிட்ச் பண்ணணும், அதாவது பாட்டை சேத்துக்கச் சொல்லி அனுப்பணும், அதுவும் ஆல்பத்துலேர்ந்து ஒரே ஒரு பாட்டுதான். கதைல மொத பாட்டுன்றதுக்காக அதை அனுப்பாதீங்க, டெமோ கேட்டவர் மறுபடி போடச் சொன்ன பாட்டை அனுப்புங்க.