ஓடுவதற்கு முன் ஆறு மணி நேரம்

வணக்கம் சார்,

நியூயார்க் மாரத்தான் குலுக்கலில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. வயது 43. மூன்று அரை மாரத்தான்கள் ஓடியிருக்கிறேன். முழு மாரத்தான் இதுதான் முதல். ஐந்து மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. நான் பின்பற்றும் 18 வார அட்டவணையில் அதிகபட்சமே 32 கிலோமீட்டர்தான். ஒருமுறையாவது முழுத் தூரமான 42 கிலோமீட்டரையும் ஓடிப் பார்த்துவிட வேண்டாமா? கணவரும் உடன் வருகிறார். முதல் நாள் ஊர் சுற்றலாம் என்று இருக்கிறோம். வேறு எதையெல்லாம் யோசித்து வைக்க வேண்டும்?

ச.

அன்புள்ள ச.,

வாழ்த்துகள். முழுத் தூரம் ஓடிப் பார்க்க வேண்டாம். உங்கள் வேகத்தில் 32 கிலோமீட்டருக்கே நாலு மணி நேரம் பக்கம் ஆகிவிடும். அதற்கு மேல் ஓடினால் பலம் கூடுவதைவிடக் களைப்புதான் கூடும். அந்த நீண்ட ஓட்டத்தைப் போட்டிக்கு மூன்று வாரம் முன்னதாக முடித்துவிட்டு, தூரத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். அந்த மூன்று வாரமும் இல்லாத முழங்கால் வலியெல்லாம் வரும். எல்லோருக்கும் வரும், கண்டுகொள்ளாதீர்கள்.

1978-ல் இதே நியூயார்க்கில் நார்வேயின் கிரேட்டே வைட்ஸ் ஓடியபோது, அதுவரை அவர் பாதி மாரத்தான் தூரத்துக்கு மேல் போனதே இல்லை. 2 மணி 32 நிமிடம் 30 விநாடியில் ஜெயித்தார். பெண்களில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. முடித்ததும் காலணிகளைக் கழற்றி, தன்னை ஓடச் சொன்ன கணவர் மேலேயே எறிந்தார். பிறகு அதே போட்டியில் இன்னும் எட்டு முறை ஜெயித்தார் என்பது வேறு விஷயம். நாம் அவரைப் பார்த்துத் தைரியம் கொள்ளலாம், அட்டவணையைக் காப்பியடிக்கக் கூடாது.

உங்கள் அட்டவணையில் இல்லாத ஒன்று, காத்திருப்பு. சிறிய போட்டிகளில் எழுந்தோம், போனோம், ஓடினோம் என்று முடிந்துவிடும். இங்கே ஓட்டம் தொடங்கும் இடம் ஸ்டேட்டன் தீவு. படகிலோ பேருந்திலோ, எது என்று முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போக வேண்டும். தீவுக்குப் போகும் வெரசானோ பாலத்தை அதிகாலையிலேயே அடைத்துவிடுவார்கள் என்பதால் சீக்கிரமே போய்ச் சேர்ந்தாக வேண்டும். 50,000 பேருக்கு மேல் ஓடுவதால் அணி அணியாகத்தான் விடுவார்கள். ஐந்து மணி நேரக்காரர்கள் பெரும்பாலும் கடைசிப் பக்கம்.

நான் ஓடிய வருடம் நாலரைக்கு எழுந்து, ஐந்துக்குச் சாப்பிட்டேன். என் அணி நகர்ந்தபோது மணி பதினொன்று. நவம்பர் குளிரில், வெறும் தரையில் உட்கார்ந்து நடுங்கியதிலேயே பாதி சக்தி போய்விட்டது. வழியில் சக்திக்கென்று வைத்திருந்த இனிப்பு ஜெல் பாக்கெட்டுகளில் இரண்டை ஓடும் முன்பே தின்று தீர்த்தேன். நாலு மாதம் காலுக்குப் பயிற்சி கொடுத்தவன், வயிற்றை மறந்துவிட்டேன்.

அதனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கென ஒதுக்குங்கள். நாலரைக்கு எழுந்து சாப்பிட்டுவிட்டு, ஆறு மணி நேரம் சும்மா இருங்கள். ஒன்பதரை வாக்கில் இரண்டாவது தடவை கொஞ்சம் சாப்பிட்டு, பதினோரு மணிக்கு ஓடத் தொடங்குங்கள். எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். அதையே அங்கேயும் சாப்பிடுங்கள், புதிதாக எதுவும் வேண்டாம். போகும்போது தூக்கிப் போட்டுவிடக்கூடிய பழைய ஸ்வெட்டர் ஒன்றும், தரையில் விரிக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன அதிர்ஷ்டமும் உண்டு: ஓட்டம் நடக்கும் நவம்பரின் முதல் ஞாயிறு அதிகாலையில்தான் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். தூக்கம் ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும், வந்தால்.

ஐந்து மணி நேரக் கணக்கு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடி. அங்கே பலகைகள் மைலுக்கு மைல் நிற்கும், ஆகவே மைலுக்கு 11 நிமிடம் 26 விநாடி என்பதையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கைக்கடிகாரத்தை முழுக்க நம்ப வேண்டாம். பாலத்தின் கீழ்த்தளத்தில் ஜிபிஎஸ் தடுமாறும். முதல் மைல் வெரசானோ பாலத்தில் ஏற்றம், அங்கே மெதுவாகப் போனால் நல்லது. சுமார் 25-வது கிலோமீட்டரில் குவீன்ஸ்பரோ பாலம் வரும். வேடிக்கை பார்க்க ஆளே இருக்காது, மூச்சு வாங்குவது மட்டும் கேட்கும். அதை இறங்கி முதலாம் அவென்யூவில் திரும்பியதும் கூட்டத்தின் சத்தம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். நானும் அந்தச் சத்தத்தில் வேகமெடுத்து, அடுத்த பத்து கிலோமீட்டரில் அதற்கான வட்டியைக் கட்டினேன். கடைசியில் ஐந்தாம் அவென்யூவில் வரும் ஏற்றம் பார்வைக்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். நம்பாதீர்கள்.

தண்ணீர் பற்றி ஒரு எச்சரிக்கை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் என்ற உப்புச் சத்து இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அதிகமாகக் குடித்தவர்களும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதில் மாட்டியவர்கள். தாகத்துக்குக் குடியுங்கள், வழியில் தண்ணீர் மேஜையைப் பார்த்ததற்காகக் குடிக்காதீர்கள்.

ஊர் சுற்றுவதை ஓட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்ட எண்ணை அடையாள அட்டையோடு நீங்களே நேரில் போய் வாங்க வேண்டும், ஓட்டத்தன்று தரமாட்டார்கள். எண் தரும் கண்காட்சி அரங்கிலேயே இரண்டு மணி நேரம் நின்றுவிடுவீர்கள். வெள்ளிக்கிழமையே போய் வாங்கிவிட்டு, சனிக்கிழமை காலை நீட்டிப் படுங்கள். விமானத்தில் ஓட்டக் காலணியைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.

அப்புறம், கணவர். சென்ட்ரல் பூங்காவில் ஓட்டம் முடிந்ததும் நேராக வெளியே வந்துவிட முடியாது, இன்னும் நெடுந்தூரம் நடத்துவார்கள். ஃபோன் பேட்டரி அப்போது இருக்கும் என்று நம்ப வேண்டாம். பூங்காவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு முனையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் ஒரு சட்டையும் செருப்பும் இருக்கட்டும். கழற்றும் காலணியை என்ன செய்வது என்பது உங்கள் இருவருக்கும் இடையில் உள்ள விஷயம்.