கராஜ்ல நிறுத்தாதீங்கன்னு சொல்ற கார்

(வாசகர் கேள்வி - வண்டி பதில்)

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: ஐயா, என் பையன் அமெரிக்காவுல அட்லாண்டா பக்கம் இருக்கான். கியா கம்பெனியோட டெல்லூரைட் கார் வச்சிருக்கான், 2021 மாடல், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. பேத்தியப் பாத்துக்க நான் போயிருந்தப்ப கவனிச்சேன், வீட்டோட ஒட்டி அவ்ளோ பெரிய கராஜ் இருக்கு, ஆனா காரை மட்டும் வெளிய வெயில்ல நிறுத்துறான். ஏன்டான்னு கேட்டா "சீட்டு நெருப்புப் புடிச்சுக்குமாம்மா, ரீகால் வந்திருக்கு, சரி பண்ண விட இன்னும் டைம் கிடைக்கல"ன்னு சிரிக்கிறான். நிறுத்தி வச்ச வண்டியில சீட்டு எப்படிங்க தானா நெருப்புப் புடிக்கும்? என்னைக் கிண்டல் பண்றானா?

பதில்: கிண்டல் இல்லம்மா, பையன் சொன்னது நிஜம். ரீகால்னா, வித்த வண்டியில கோளாறு இருக்குன்னு தெரிஞ்சு கம்பெனியே திரும்பக் கூப்பிட்டு சரி பண்ணிக் குடுக்கறது. வெளிய நிறுத்துறது ரொம்ப சரி, டைம் இல்லைங்கறதுதான் தப்பு.

பவர் சீட்டுன்னா பட்டனை அழுத்துனா முன்ன பின்ன போறது, மேல கீழ ஏறி இறங்குறது, அதான். அதுக்கெல்லாம் சீட்டுக்கு அடியில சின்னச் சின்ன மோட்டார் இருக்கும், நம்ம மிக்ஸி மோட்டார் மாதிரிதான் வச்சுக்கோங்களேன், ஒரேயடியா ஓட விட்டா சூடாகி நாத்தம் வருமில்ல, இதுவும் சில நொடி ஓடி நிக்கறதுக்குன்னு செஞ்சதுதான். இந்த டெல்லூரைட்ல என்ன ஆச்சுன்னா, முன் சீட்டுக்குப் பக்கவாட்டுல இருக்கிற பிளாஸ்டிக் மூடி மேலயோ, அதுல இருக்கிற சீட்டு நகர்த்துற நாப் மேலயோ வெளியிலருந்து ஏதாவது இடிச்சா உள்ள சுவிட்ச் இடம் பிசகிடுது. பிசகுனா நாப் சிக்கிக்குது, கையை எடுத்தாலும் யாரோ அழுத்திக்கிட்டே இருக்கிற மாதிரி சாய்வு மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குது. சூடு ஏறுது, உருகுது, மேல பஞ்சு, கீழ கார்ப்பெட், அப்புறம் சொல்லணுமா.

வண்டி ஆஃப்ல இருக்கறப்ப எப்படின்னு கேக்கறீங்க. நிறைய கார்கள்ல பவர் சீட்டுக்கு நேரா பேட்டரியிலருந்து கரண்ட் வரும், சாவி போடாமலே சீட்டு நகரும் பாருங்க. அதனாலதான் ஓடறப்ப மட்டுமில்ல, நிறுத்தி வச்சிருக்கறப்பவும் தீப்பிடிக்க வாய்ப்பிருக்குன்னு அமெரிக்காவோட சாலைப் பாதுகாப்புத் துறை என்.எச்.டி.எஸ்.ஏ. சொல்லுச்சு, சரி பண்ற வரைக்கும் வெளிய, வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்கன்னும் சொன்னாங்க.

2024 ஜூன்ல வந்த ரீகால் இது. 2020லருந்து 2024 வரைக்கும் உள்ள மாடல், மொத்தம் 4,62,869 வண்டி. அதுல அதுவரைக்கும் தெரிஞ்சது சீட்டுக்கடியில ஒரே ஒரு தீ, மோட்டார் பக்கம் உருகுனது 6, யாருக்கும் காயம் இல்ல. நாலரை லட்சத்துல ஏழுதானேன்னு பையன் சொல்லலாம், கணக்கு சரிதான். ஆனா அந்த ஊர்ல நிறைய வீட்டுல கராஜுக்கு மேலயே பெட்ரூம், நீங்களே பாத்திருப்பீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த எட்டாவது வண்டி நம்ம வீட்டு வண்டியா இருந்தா இந்தக் கணக்கை யார்கிட்ட போய் காட்டறது?

இவ்ளோ பெரிய சமாச்சாரத்துக்கு வைத்தியம் என்ன தெரியுமா, சுவிட்சோட பின் மூடிக்கு ஒரு பிராக்கெட், புதுசா நாப். அவ்ளோதான். காசும் கிடையாது. போன் போட்டு விரட்டுங்கம்மா, நீங்க சொன்னாத்தான் கேப்பான். சீட்டு சொன்ன பேச்சு கேக்கலைன்னாலோ, கருகுற வாசம் வந்தாலோ, அடியிலருந்து புகை தெரிஞ்சாலோ அப்புறம் அந்த வண்டியை ஓட்டவே கூடாதுன்னும் சொல்லிடுங்க.

இடிச்சான்னு சொல்றப்ப ஏதோ ஆக்சிடெண்ட்னு நினைக்காதீங்க. குழந்தைங்க ஷூ காலோட அந்த மூடி மேல மிதிச்சுத்தான் ஏறுது, வாக்குவம் போடறப்ப குழாயால டமால்னு இடிக்கிறோம். என் மச்சான் வண்டியில (வேற கம்பெனி, பேரு வேண்டாம்) ஒருநாள் டிரைவர் சீட்டு தானா முன்னாடி போய்க்கிட்டே இருக்கு, மனுசன் தொப்பை ஸ்டியரிங்ல அமுங்கி "டேய் டேய்"னு கத்துறாரு, கடைசியில பாத்தா அவர் பையன் நாப் இடுக்குல கடலை மிட்டாய் துண்டைத் திணிச்சு வச்சிருக்கான். ஊசியால நோண்டி எடுத்தோம். அன்னிக்கு சிரிச்சோம், இந்த ரீகாலைப் படிச்சப்புறம் சிரிப்பு வரல.

டல்லாஸிலிருந்து ஒரு வாசகர்: நானும் பழைய கார்தான் வாங்கியிருக்கேன் சார். ரீகால் லெட்டர் எதுவும் வரல, அப்ப என் வண்டிக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமா? வித்த டீலர் ஒரு வார்த்தை சொல்லல.

பதில்: லெட்டர் வரலைங்கறதை நம்பாதீங்க தம்பி, பாதி நேரம் அது பழைய ஓனர் பழைய அட்ரசுக்குப் போய் குப்பையில கிடக்கும். வண்டியோட வின் நம்பர் இருக்கே, ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியா இருக்கிற அடையாள நம்பர், எழுத்தும் எண்ணுமா மொத்தம் 17, டிரைவர் பக்கம் முன் கண்ணாடி மூலையில வெளியிலருந்தே தெரியும், அதை என்.எச்.டி.எஸ்.ஏ. இணையதளத்துல போடுங்க, பாக்கி இருக்கிற ரீகால் வந்துரும். டைப் பண்றப்ப ஓ-வா ஜீரோவான்னு குழம்ப வேண்டாம், வின் நம்பர்ல ஐ, ஓ, க்யூ மூணு எழுத்தும் வரவே வராது.

ரீகால் வண்டியைத்தான் துரத்தும், ஓனரை இல்ல. நீங்க மூணாவது ஆளா இருந்தாலும் அந்தக் கம்பெனியோட எந்த டீலர்கிட்டயும் இலவசமா செஞ்சுக்கலாம், வண்டிக்கு 15 வருசம் தாண்டாம இருந்தா சரி. வாடகைக் கார் கம்பெனிக்கு 2016லருந்து சட்டம் இருக்கு, 35 வண்டிக்கு மேல வச்சிருந்தா ரீகால் பாக்கியோட வாடகைக்கு விடக்கூடாது. பழைய கார் விக்கிற டீலருக்கு அப்படி ஒரு மத்திய சட்டம் இல்ல. ரெண்டு நாளைக்கு எடுக்கிற வண்டிக்குப் பாதுகாப்பு, பத்து வருசம் ஓட்டப்போற வண்டிக்கு இல்ல! இதுல என்ன நியாயம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: என் காரும் எலெக்ட்ரிக் சீட்டுதான். பயமா இருக்கு. நம்ம நாட்டுல இந்த ரீகால் எல்லாம் உண்டா?

பதில்: டெல்லூரைட் நம்ம நாட்டுல விக்கவே இல்ல, அந்த பயம் வேண்டாம். ரீகால் உண்டு. 2012ல கம்பெனிகளே சேந்து தாங்களா முன்வந்து கூப்பிடறதுன்னு ஒரு ஏற்பாடு வச்சாங்க, அப்புறம் 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, விதிமுறை 2021 ஏப்ரல் 1லருந்து அமல். புகார் ஒரு அளவைத் தாண்டுனா அரசே ரீகால் பண்ணச் சொல்லலாம், மீறுனா 10 லட்சத்திலருந்து 1 கோடி வரைக்கும் அபராதம். ஆனா 7 வருசத்துக்குள்ள இருக்கிற வண்டிக்குத்தான். நாம என்ன பண்றோம், கோளாறு வந்தா சர்வீஸ் சென்டர் அட்வைசர்கிட்ட கத்திட்டு பில்லைக் கட்டிட்டு வந்துடறோம், புகார்னு எழுத்துல எங்கயும் பதிவே ஆகறதில்ல. ஆர்.சி.ல இருக்கிற சேஸிஸ் நம்பரைச் சொல்லி, ரீகால் பாக்கி இருக்கான்னு அடுத்த சர்வீசுல கேளுங்க, ஜாப் கார்டுலயே எழுதச் சொல்லுங்க.

சேலத்திலிருந்து: ஓடிக்கிட்டு இருக்கறப்ப சீட்டு திடீர்னு கீழ இறங்குமாமே, உண்மையா?

பதில்: நடந்திருக்கு. 2014ல அமெரிக்கக் கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 4 லட்சத்து 14 ஆயிரம் வண்டியைக் கூப்பிட்டுச்சு, கமாரோ, ஈக்வினாக்ஸ் மாடல் எல்லாம் அதுல உண்டு. முன் சீட்டோட உயரத்தை மாத்துற இடத்துல ஒரு போல்ட் கழண்டு விழலாம், விழுந்தா சீட்டு பொத்துன்னு அடிமட்டத்துக்கு இறங்கிடும். ஓட்டுறவங்களுக்கு திடீர்னு ரோடே தெரியாது.

மதுரையிலிருந்து: எதுக்கு வம்பு, சீட்டுக்கடியில இருக்கிற ஒயரை நானே புடுங்கி விட்டுட்டா?

பதில்: அய்யய்யோ, கையை வைக்காதீங்க! அங்க மோட்டார் ஒயர் மட்டும் போகல, நிறைய கார்ல சைடு ஏர்பேக், சீட் பெல்ட் சமாச்சாரம் எல்லாம் அதே வழியாத்தான் போகுது, மஞ்சள் கலர் கனெக்டர் பாத்தீங்கன்னா அது பெரும்பாலும் ஏர்பேக்குது. அதைக் கழட்டுனா ஏர்பேக் லைட்டு எரியும், அவசரத்துக்கு பலூன் விரியாமப் போகலாம். சந்தேகமா இருந்தா சர்வீஸ் சென்டர்ல விட்டு அவங்களையே கழட்டச் சொல்லுங்க.