தட்டில் முளைக்கும் தீவனத்துக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: சார், செங்குன்றம் பக்கம் இருக்கிறேன். கறவையில் 3 கலப்பின மாடு, பால் வற்றிய சினைமாடு ஒன்று, 2 கிடாரி. தினம் 30 லிட்டர் பால். அதில் 18 லிட்டர் வீடுகளுக்கு ரூ.60 வீதம், மிச்சம் 12 லிட்டர் சொசைட்டிக்கு ரூ.40 வீதம் போகிறது. மாதம் 17 மூட்டை தீவனம் (50 கிலோ மூட்டை ரூ.1,500), வைக்கோலுக்கு ரூ.7,000. கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஒருவர் ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் தட்டில் தானியத்தை முளைக்கவைக்கும்) தீவன மெஷின் காட்டினார். விலை ரூ.3.2 லட்சம். தினம் 60 கிலோ பசுந்தீவனம் வரும், தீவனச் செலவு பாதியாகும் என்கிறார். மனைவியின் 9 பவுனை அடகு வைத்து வாங்கலாம் என்று ரூ.5,000 முன்பணமும் கொடுத்துவிட்டேன். மச்சான், அதெல்லாம் வேண்டாம், பீர் சக்கை (பீர் ஆலையில் மிஞ்சும் தானியச் சக்கை) கிலோ ரூ.6-க்கு வாங்கிப் போடு, கோயம்பேட்டில் காய்கறிக் கழிவு கிடைக்கும் என்கிறான். 3 கிலோமீட்டர் தள்ளி போர் தண்ணீரோடு 40 சென்ட் நிலம் சும்மா கிடக்கிறது. வங்கியில் ரூ.1.5 லட்சம் டெபாசிட் இருக்கிறது. என்ன செய்யலாம்? பக்ரீத்துக்குப் 10 செம்மறி வளர்க்கவும் யோசனை.

பதில்: நகையை எடுக்காதீர்கள். மெஷின் வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு ஆழாக்குப் பச்சைப்பயறை ஊறவைத்து முளைகட்டினால் கிண்ணம் வழிகிறது. பயறு கூடிவிட்டதா? கூடியது தண்ணீர். மெஷினிலும் இதுதான் நடக்கிறது. ஒரு கிலோ மக்காச்சோளம் போட்டால் ஏழெட்டு நாளில் 5, 6 கிலோ பச்சைப் பாய் வரும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர். முளை விடுகிற தானியம் தன் மாவுச்சத்தைத்தானே தின்று வளர்கிறது? அதனால் போட்ட சோளத்தில் இருந்த உலர்ப்பொருளைவிட (தண்ணீர் போக மிஞ்சுவது) கொஞ்சம் குறைவாகவே திரும்பி வரும்.

60 கிலோ தீவனத்துக்குத் தினம் 11 கிலோ சோளம் வேண்டும். கிலோ ரூ.28 என்று வைத்தாலும் மாதம் ரூ.9,240. கரன்ட், தண்ணீருக்கு ரூ.1,500 வைப்போம். 3.2 லட்சம் நகைக்கடனுக்கு 11 சதவீதம் என்றால் வட்டி மட்டும் மாதம் ரூ.2,930. ஆக ரூ.13,670. இதற்குக் கிடைப்பது நாளைக்கு எட்டரை கிலோ உலர்ப்பொருள், மாதம் 255 கிலோ. கிலோவுக்கு ரூ.54. நீங்கள் இப்போது வாங்கும் மூட்டைத் தீவனம் கிலோ ரூ.30, அதில் பத்தில் ஒரு பங்கு ஈரம் போனால் உலர்ப்பொருள் கிலோ ரூ.33-தான். மெஷினின் தேய்மானத்தையும் தட்டு கழுவும் கூலியையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. விதைக்கடையில் மருந்து கலந்து விற்கிற சோளத்தை வாங்கிப் போட்டுவிடும் ஆபத்து வேறு. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல் நகரத்துக்குள் மாடு வைத்திருப்பவர், பச்சையே கிடைக்காத கோடையில் யோசிக்கலாம். உங்களிடம்தான் நிலம் இருக்கிறதே.

கடன் வாங்க வருகிறவர்களிடம், 'வட்டியை ஃப்ளாட்டாக, அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் சொல்கிறார்களா, குறைந்துவரும் பாக்கிக்குச் சொல்கிறார்களா' என்று முதலில் கேட்கச் சொல்வேன். தீவனத்தில் அந்தக் கேள்வி இது: எடைக்கு விலையா, உலர்ப்பொருளுக்கு விலையா?

அந்த மெஷின்காரரே அசோலாவையும் (தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணி) இலவசமாகத் தருகிறேன் என்று சொல்லியிருப்பார், சொல்வது வழக்கம். அசோலாவில் புரதம் நூற்றுக்கு 20, 25 பங்கு என்பது உண்மைதான், ஆனால் காயவைத்த பிறகு. பச்சையாக ஒரு கிலோ அள்ளினால் உலர்ப்பொருள் 60 கிராம் தேறும். மாட்டுக்கு 2 கிலோ போட்டால் கிடைக்கும் புரதம் 26 கிராம். அதே புரதம் ஒரு கைப்பிடிக் கடலைப் புண்ணாக்கில் இருக்கிறது. கோழி வளர்த்தால் தார்ப்பாய் விரித்து ஒரு தொட்டி போடுங்கள். மாட்டுக்கு அதை நம்பி மூட்டையைக் குறைக்க வேண்டாம்.

சரி, உங்கள் பணம் எங்கே போகிறது? மாத வரவு ரூ.46,800. தீவனம், வைக்கோல் சேர்த்து ரூ.32,500. நூற்றுக்கு 69 ரூபாய். பால் மாட்டுத் தொழிலில் தீனிச் செலவு 60, 70 சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நீங்கள் அதன் மேல் விளிம்பில் நிற்கிறீர்கள்.

17 மூட்டை என்றால் நாளைக்கு 28 கிலோ. எப்படி அளந்து போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. பெயின்ட் டப்பாதானே? திருநின்றவூரில் தெரிந்தவர் கொட்டாயில் ஒருமுறை நாலு லிட்டர் பெயின்ட் டப்பாவைத் தராசில் வைத்துப் பார்த்தோம். கோதுமைத் தவிடு நிரப்பினால் ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டியது. அதே டப்பாவில் குச்சித் தீவனம் இரண்டரை கிலோ. அவர் வருஷக்கணக்காக இரண்டையும் 'மூணு டப்பா' என்றே போட்டு வந்திருக்கிறார். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பொதுவாகச் சொல்லும் அளவு இது: உடம்பைப் பராமரிக்க ஒன்றரை கிலோ, அப்புறம் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ அடர்தீவனம் (உங்கள் மூட்டைத் தீவனம்தான்). 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஐந்தரை கிலோ. மூன்றுக்கு பதினாறரை. வற்றிய மாட்டுக்கும் கிடாரிகளுக்கும் 4 கிலோ. மொத்தம் இருபதரை, மாதம் 13 மூட்டைக்குள். 4 மூட்டை மிச்சம், அதாவது ரூ.6,000. இதற்குச் செலவு ஒரு கொக்கித் தராசு. ஆனால் இந்த அளவு, பச்சையும் வைக்கோலும் வயிறு நிறையக் கிடைக்கிற மாட்டுக்கு. 400 கிலோ மாடு ஒரு நாளில் 10, 12 கிலோ உலர்ப்பொருள் தின்னும். பச்சை இல்லாமல் மூட்டையை மட்டும் குறைத்தால் பால் இறங்கிவிடும். சினைமாடு கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போது அதற்குக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். அதனால் முதல் வேலை அந்த 40 சென்ட்.

கோ-5 கம்பு நேப்பியர் புல்லை நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 140 டன் வரை போகும் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. உங்கள் நிலத்தில் அதில் பாதிதான் வரும் என்றே வையுங்கள். 40 சென்ட்டில் 28 டன், தினம் 75 கிலோ. மெஷின் தருவதாகச் சொன்னது 60. அதுவும் புல்லில் ஐந்தில் ஒரு பங்கு உலர்ப்பொருள், தினம் 15 கிலோ வரும். மெஷினில் எட்டரை. சுமார் 5,300 கரணை (நடுவதற்கான தண்டுத் துண்டு) வேண்டியிருக்கும். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழகத்திலோ கரணை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். நட்டு 75 நாளில் முதல் வெட்டு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. வரப்போரம் அகத்தியும், ஓரமாக நாலு பாத்தி வேலிமசால் என்கிற பயறுவகைத் தீவனச் செடியும் போட்டுவிட்டால் புரதத்துக்கும் ஆச்சு. உழவு, எரு, கரணை எல்லாம் சேர்த்தாலும் டெபாசிட்டில் ஒரு சிறு பங்குதான் கரையும். அந்த டெபாசிட்டை முழுதாக உடைக்காதீர்கள்.

அதே டெபாசிட்டில் இன்னொரு வேலை இருக்கிறது. வைக்கோல் கட்டு உங்கள் பக்கம் நவரை அறுவடை முடிந்ததும் என்ன விலை, ஐப்பசி மழையில் என்ன விலை? ஏப்ரலில் ரூ.130-க்கு வருவது நவம்பரில் ரூ.220 ஆகிறது என்று வைத்தால், 150 கட்டு முன்கூட்டி வாங்கிப் போட்டால் முதல் ரூ.19,500, மிச்சம் ரூ.13,500. ஏழு மாதத்தில் இந்த வருமானம் தரும் டெபாசிட் எந்த வங்கியிலும் கிடையாது. ஒரே நிபந்தனை, அடியில் கட்டை போட்டு மேலே தார்ப்பாய் இறுக்க வேண்டும். நனைந்து பூஞ்சை பிடித்தால் அந்த லாபம் குப்பைக்குப் போகும். ஊத்துக்கோட்டைப் பக்கம் கடலை பிடுங்கும் சமயம் கடலைக்கொடி கிடைத்தால் வைக்கோலுக்கு முன்னால் அதை வாங்குங்கள். வைக்கோலைவிடச் சத்து எவ்வளவோ மேல்.

வைக்கோலை யூரியா போட்டு ஊறவைக்கலாம். 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். கரையாத யூரியா மாட்டைக் கொன்றுவிடும்; ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. கால்நடை மருத்துவரோ பழகியவரோ ஒருமுறை பக்கத்தில் நின்று காட்டாமல் இதில் இறங்காதீர்கள்.

மச்சான் யோசனைக்கு வருகிறேன். பீர் சக்கையில் நூற்றுக்கு 22 பங்குபோல்தான் உலர்ப்பொருள். கிலோ ரூ.6 என்றால் உலர்ப்பொருள் ரூ.27. மூட்டைத் தீவனத்தைவிட மலிவு, புரதமும் அதிகம். ஆனால் மாட்டுக்கு 5 கிலோ வீதம் போட்டால் தினம் மிச்சமாவது இருபது ரூபாய் இருந்தால் அதிகம். சென்னை வெயிலில் இரண்டு நாளில் புளித்து நாறும். பூஞ்சை பிடித்ததைப் போட்டால் அந்த நஞ்சு பாலில் இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பது உங்கள் வாடிக்கை வீட்டுக் குழந்தைகள். கிலோ ரூ.4-க்குக் கிடைத்து, அன்றன்று வந்தால் வாங்குங்கள்; நீல டிரம்மில் உப்புப் போட்டு, காற்றில்லாமல் அமுக்கி மூடினால் இன்னும் சில நாள் தாங்கும். ரூ.6-க்கு இந்தத் தலைவலி தேவையில்லை.

அதைவிட உங்கள் ஊரிலேயே ரைஸ்மில் இருக்கும்போது தவிட்டுக்கு எங்கே அலைவது? மில்லில் அரைத்த அன்றே வாங்குங்கள், இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பச்சைத் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, காறல் வாடை வந்தால் மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சேலத்து மரவள்ளித் திப்பி (ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும் சக்கை) மலிவாக வந்தாலும் அது வெறும் மாவு, புரதம் இல்லை. கூடப் புண்ணாக்கு வாங்கினால்தான் கணக்கு சரிவரும்.

கோயம்பேட்டுக் கோஸ் இலை 10 கிலோவில் உலர்ப்பொருள் ஒரு கிலோகூடத் தேறாது. குட்டியானை வாடகை கொடுத்துத் தண்ணீரை ஏற்றி வருவானேன்? சோளத் தோகை மட்டும் கிடைத்தால் பரவாயில்லை. ஆனால் ரப்பர் பேண்டும் கவரும் பொறுக்கி எடுக்க ஆள் வேண்டும். 2019-இல் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுத்து எடுத்தார்கள், ஞாபகம் இருக்கும். கல்யாண மண்டபத்துச் சோறும் ஆபத்துதான். என் பெரியப்பா வீட்டில் ஒரு மாட்டுப் பொங்கலுக்கு, நாள்தானே என்று பாசத்தில் ஒரு அண்டாப் பொங்கலைக் கறவை மாட்டுக்கு வைத்தார்கள். வயிறு அமிலமாகி மறுநாள் படுத்த மாடு எழுந்திருக்க நாலு நாள் ஆனது. பால் மட்டும் அந்த ஈற்றில் பழையபடி ஏறவே இல்லை.

இதெல்லாம் செய்ய நடைமுறைப் பணம் வேண்டுமென்றால் கிசான் கிரெடிட் கார்டு மாடு வளர்ப்போருக்கும் உண்டு. 2025 ஜனவரியிலிருந்து ரூ.2 லட்சம் வரை அடமானம் இல்லை. வட்டி 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம்தான் விழும். நகைக்கடனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சொசைட்டியில் பால் ஊற்றும் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். அதற்குள் தாது உப்புக் கலவை தினம் 50 கிராம் பழக்கப்படுத்திவிடுங்கள், சினை நிற்காமல் ஒரு மாடு மூன்று மாதம் தள்ளினால் ஆகும் நஷ்டம் எந்தத் தீவனச் செலவையும்விடப் பெரிது.

செம்மறி பற்றி: நம் பக்கத்து மெட்ராஸ் சிவப்பு தாங்கும், வளரும். மாட்டுக்கு வாங்கும் தாது உப்பை அதற்குப் போடாதீர்கள். அதில் இருக்கும் தாமிரம் செம்மறிக்கு விஷமாகும். சூபாபுல் தழை போட்டால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு உள்ளே நிறுத்துங்கள். அப்புறம், பக்ரீத் ஒவ்வொரு வருஷமும் 10, 11 நாள் முன்னால் வந்துவிடும். போன வருஷத் தேதியை வைத்துக் குட்டி வாங்கினால் விற்கும் நாளில் எடை போதாது. இந்த வருஷம் புல்லை வளருங்கள், ஆட்டை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அந்த முன்பணம் ரூ.5,000-ஐத் திருப்பிக் கேளுங்கள், ரசீது இருந்தால் எழுதியே கேளுங்கள். தரவில்லை என்றால் போகட்டும். 5,000 போய்விட்டதே என்று மிச்சம் 3.15 லட்சத்தையும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.